ஹார்னடே அளந்த முதலை

காட்டுயிர் தேடிப் பயணம் போகிற நம் நண்பர்களில் வில்லியம் டெம்பிள் ஹார்னடேயைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் எழுதும் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் 1885-ல் வந்த அவருடைய ‘டூ இயர்ஸ் இன் தி ஜங்கிள்’ நூலின் பேரப்பிள்ளைகள்தான். அதனால்தான் அந்த நூலைப் பற்றிப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹார்னடே அமெரிக்கர். அருங்காட்சியகங்களுக்குத் தோலும் எலும்புக்கூடும் விற்ற ஒரு நிறுவனத்தின் ஆள். 1875-ல், அலிகேட்டர் மட்டுமே உண்டு என்று பலரும் நம்பியிருந்த ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய முதலையைச் சுட்டு, புதிய இனம் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் பின்னாளில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆசியாவுக்குக் கிளம்பினார். யமுனையில் கரியால், இலங்கை, ஆனைமலை, பிறகு 1878-ல் நம்ம சிலாங்கூர். கிள்ளான் பக்கத்துக் கடலோரச் சதுப்பில் முதலை வேட்டை. அதே பயணத்தில் பத்துமலைக் குகைக்கும் போனார்.

நமக்குப் பத்துமலை என்றால் முருகன், 1892-ல் தொடங்கிய தைப்பூசம். வரலாற்றுக் குறிப்புகளில் அந்தக் குகையைக் ‘கண்டுபிடித்தவர்கள்’ பட்டியலில் ஹார்னடேயின் பெயரும் இருக்கிறது. தெமுவான் மக்கள் அதற்கு வெகு முன்பே அங்கே ஒதுங்கியிருந்தவர்கள். ஆக, பயணி எழுதி வைத்தால்தான் ‘கண்டுபிடிப்பு’. குகைக்கும் அதே கணக்கு, முதலைக்கும் அதே கணக்கு.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாக எழுதுகிறார். சேறு, கொசு, களைப்பு எல்லாம் பக்கத்தில் ஒட்டுகிறது. சுட்டதைச் சுட்டேன் என்கிறார், அளந்ததை அளந்தேன் என்கிறார். புனிதர் வேஷம் கிடையாது. என் குறை வேறு. அவர் நூலில் முதலை, பயணி அங்கே போனதற்கான சாட்சி மட்டும்தான். சுட்டதும் அதன் கதை முடிந்துவிடுகிறது.

இன்றைய குறிப்புகளில் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா இருக்கிறது. மற்றபடி அதே வரிசை: கிளம்பினோம், சிரமப்பட்டோம், பார்த்தோம், இத்தனை அடி, அரிய இனம், முடிந்தது. முதலில் பார்த்துச் சொன்ன படகுக்காரருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இருப்பதில்லை.

இதே கடற்கரையைப் பற்றி வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். கோல லங்காட்டில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட்டின் ‘மலாய் மேஜிக்’ 1900-ல் வந்தது. அதில் பாவாங் முதலையைப் பிடிக்கப் போகும்போது அதனோடு பேசுகிறார், மந்திரம் சொல்லி இரையை ‘அழைத்து’க் கொடுக்கிறார். முதலையின் வயிற்றில் கிடக்கும் கற்கள், அது கடந்துவந்த ஆற்று வழிகளின் கணக்கு என்ற நம்பிக்கையும் பதிவாகியிருக்கிறது. அறிவியல் இதை ஏற்காது. ஆனால் அந்த ஒரு நம்பிக்கைக்குள் முழு ஆறும் இருக்கிறது. ஸ்கீட்டும் காலனி அதிகாரிதான், அவரும் சேகரிப்பாளர்தான். ஆனாலும் அவர் பக்கங்களில் பயணியைத் தவிர இன்னொருவரின் குரல் கேட்கிறது. எனக்கு அது பெரிய வித்தியாசம்.

நம் மொழியில் என்ன இருக்கிறது? குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்றைப் பிரித்துச் சொல்கிறது. இன்று நமக்கு எல்லாமே முதலைதான். மலாய்க்காரர்கள் கழிமுகத்து முதலையை ‘புவாயா தெம்பாகா’ என்றும், சதுப்புக் காட்டு நன்னீரில் வாழும் நீள்மூக்கு முதலையை ‘புவாயா ஜோலோங்-ஜோலோங்’ என்றும் பிரித்து அழைக்கிறார்கள். இரண்டாவதுதான் பயணிகள் தேடி அலைகிற அரிய முதலை.

ஏன் அரிது? வேட்டை ஒரு காரணம். இன்னொன்று, சதுப்பை வடித்துத் தோட்டம் போட்டது. முதலில் கித்தா, பிறகு செம்பனை. சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் கால்வாய் வெட்டியவர்களில் நம் தாத்தாக்களும் இருந்தார்கள். பிழைக்க வந்தவர்கள், வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல இதை நான் எழுதவில்லை. இந்தக் கதையில் நமக்கும் ஒரு பாத்திரம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஹார்னடே வந்தார், அளந்தார், கப்பல் ஏறிப் போய்விட்டார். நாம் இங்கேயே இருக்கிறோம். அவருடைய பார்வையை இரவல் வாங்கிக்கொண்டு நம் ஆற்றுக்கே விருந்தாளி மாதிரி போய் நிற்பதுதான் எனக்கு இடிக்கிறது.

இளம் எழுத்தாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். ‘அரிய’ என்று எழுதும் இடத்தில், அதை அரிதாக்கியது எது என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். அதற்கு போர்னியோ வரைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக சிமெண்டுக் கரைக்குள் ஓடுகிற ஆறுதான் கிள்ளானைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. ஹார்னடே முதலையை அளந்தது அந்தக் கடலோரத்தில்தான்.