ஆனை வண்டியும் அன்ன வண்டியும்

நாகர்கோவிலில் வந்து நிற்கும் கேரள அரசு பஸ்ஸைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சின்னத்தில் இரண்டு யானைகள். திருவிதாங்கூர் அரசு முத்திரையில் சங்குக்குக் காவல் நின்ற யானைகளின் வாரிசுகள். மலையாளிகள் அந்த பஸ்ஸுக்கு வைத்த செல்லப் பெயரே ‘ஆனவண்டி’தான். வண்டியில் மிருகத்தை ஏற்றினால் இப்படி ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கேளுங்கள்.

ஆதி கார்களில் ரேடியேட்டர் மூடி வெளியே, மூக்கு நுனியில் இருந்தது. தண்ணீர் ஊற்றத் திருகும் வெறும் மூடி. மொட்டையாக இருக்கிறதே என்று சேவலும் நாயும் கொக்கும் அதன்மேல் ஏறிக்கொண்டன. பிரான்சில் ரெனே லாலிக் கண்ணாடியிலேயே மிருகங்களை வார்த்துக் கொடுத்தார். புகாட்டி ராயல் காரின் மூடியில் துதிக்கை தூக்கி எழுந்து நிற்கும் யானை, முதலாளி எட்டோரே புகாட்டியின் தம்பி ரெம்ப்ராண்ட் செய்த சிற்பம். தம்பி 1916-இல் இறந்துபோனார். அவருடைய யானையை அண்ணன் தன் ஆகப் பெரிய காரின் நெற்றியில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அது கலை. ஆனால் அந்தக் கார் மொத்தம் பத்துகூடத் தயாராகவில்லை. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

இன்னொரு கூத்து நம் கல்கத்தாவில். 1910-இல் ராபர்ட் மாத்யூசன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்தில் செய்வித்துக் கொண்டுவந்த கார் முழுக்கவே அன்னம். அலகைத் திறந்து நீராவியைப் பீய்ச்சித் தெருவில் கூட்டத்தை விலக்கும். பின்பக்கம் சுண்ணாம்பில் எச்சம் வேறு! இப்போது நெதர்லாந்து மியூசியத்தில் இருக்கிறது. வேலைப்பாடு அபாரம். ஆனால் ஆவி யார் மேல் அடித்தது? நடந்துபோனவன் மேல். அங்கேதான் எனக்குக் கசக்கிறது. அழகு எதற்கு ஐயா, ஆளை விரட்டவா?

திருவிதாங்கூர் அரசு பஸ் 1938 பிப்ரவரி 21 அன்று திருவனந்தபுரத்திலிருந்து முதலில் ஓடி வந்தது களியக்காவிளைக்கு. 1956-இல் களியக்காவிளை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மாறியும் பஸ் வரத்து நிற்கவில்லை. அந்த யானைகளைச் சிற்பக்கலையின் தராசில் வைத்தால் புகாட்டி யானையின் காலடிக்குக்கூட வராது. வெறும் பெயிண்ட்தானே! ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். ராஜா மட்டும் ஏறிய யானையில், டிக்கெட் எடுத்தால் மீன்காரப் பாட்டியும் ஏறலாம். கூடையை மட்டும் கண்டக்டர் சம்மதிக்க வேண்டும்.