விபத்தைப் பாடமாக்கும் கல்வி

மென்பொருளின் பாதுகாப்பையும் நம்பகத்தையும் போதிக்கும் சர்வகலாசாலை வகுப்புகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நடந்து முடிந்த பெருவிபத்துகளை எடுத்து, அவற்றின் விசாரணை முடிவுகளை மாணாக்கர் முன் வைத்து, காரணகாரியத் தொடர்பை ஆராயச் செய்வதே அந்த வழக்கம். தெராக்-25 என்னும் கதிர்வீச்சு யந்திரமும் ஏரியான் 5 ராக்கெட்டும் பேசப்படாத வகுப்பு அரிது. இம்முறையின் குணமும் பெரிது, குறையும் பெரிது. ஆகவே இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

குணத்தை முதலில் கூறுவோம். கனடாவின் அரசு அணுசக்தி நிறுவனம் தயாரித்த தெராக்-25, 1985 முதல் 1987 வரையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளின் உடலில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1986இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், எலெக்ட்ரான் சிகிச்சைக்குரிய எழுத்தைத் தட்டவேண்டிய இடத்தில் எக்ஸ்-ரேக்குரிய எழுத்தைத் தட்டிவிட்ட ஊழியர், பிழையை உடனே கண்டு, பழகிய கையின் வேகத்தில் திருத்தினார். யந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்து கொண்டிருந்த அந்த எட்டு விநாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், திரையில் சரியான கட்டளை தோன்றியதே ஒழிய, உள்ளே அது முழுமையாக ஏற்கப்படவில்லை. ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற அறிவிப்பு வந்தது. அதன் பொருளை ஊழியருக்கான கையேடு விளக்கவில்லை. அத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வந்து பழகிப்போயிருந்தமையால், அவர் தொடரும்படி மீண்டும் விசையை அழுத்தினார். நோயாளியின் மேல் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது.

இதே பிழை தெராக்-20 என்ற முந்திய யந்திரத்தின் மென்பொருளிலும் இருந்தது. ஆயினும் மென்பொருளைச் சாராத தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் அதில் இருந்தபடியால், அங்கே ஃபியூஸ் எரிந்ததோடு தீங்கு நின்றது. புதிய யந்திரத்தில் அப்பூட்டுகளை நீக்கி, முழுப் பொறுப்பையும் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். சூத்திரங்களை மட்டும் பயின்ற மாணாக்கனுக்கு, தான் எழுதும் ஒரு வரி மனித உயிரோடு சம்பந்தப்பட்டது என்னும் பொறுப்புணர்ச்சியை இவ்வரலாறு ஊட்டுவதுபோல் வேறெதுவும் ஊட்டாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். வகுப்பறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விபத்து, நாளடைவில் ஒற்றைப் பிழையின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. 1996 ஜூன் 4 அன்று கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியான் 5, ஒரு நிமிஷங்கூடப் பறக்காமல் சிதறியதற்கு, 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றியதே காரணம் என்று மாணாக்கர் பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஏரியான் 4க்காக எழுதப்பட்ட அந்த மென்பொருள் பகுதிக்குப் புதிய ராக்கெட் புறப்பட்டபின் வேலையே இல்லை என்பதும், புதிய பறப்புப் பாதையைக் கொண்டு அதைச் சோதிக்கவில்லை என்பதும், அது இயங்கிய கருவியும் அதற்குத் துணையாக வைத்த மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளைத் தாங்கியிருந்ததால் இரண்டும் ஒருங்கே செயலிழந்தன என்பதும் பின்னுக்குப் போய்விடுகின்றன. இப்படிப் பயின்றவன், 2018இலும் 2019இலும் 346 உயிர்களைப் பலிகொண்ட போயிங் 737 மேக்ஸ் விபத்துகளின் முன் திகைத்து நிற்பான். அங்கே மென்பொருள் தனக்கு விதித்தபடியே நடந்தது. ஒரே உணர்கருவியின் சொல்லை நம்பி விமானத்தின் மூக்கைத் தாழ்த்தலாம் என்ற விதியிலேயே அபாயம் குடிகொண்டிருந்தது.

மற்றொரு குறை இதனினும் நுட்பமானது. முடிவு தெரிந்தபின் எல்லாக் காரணங்களும் தெளிவாகத் தோன்றும். ஆனால் யந்திரத்தை நிர்மாணிப்பவனோ முடிவு தெரியாத நிலையில் தீர்மானிக்க வேண்டியவன். பயணிகள் விமானத்தில் பேராபத்து விளைவிக்கும் கோளாறு, மணிக்கு நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் நேரலாகாது என்பது நியதி. அதைச் சோதனையால் மட்டும் நிரூபிக்க முயன்றால், நூறு கோடி மணி நேரம், அதாவது 1,14,000 ஆண்டுகளுக்கு மேல், ஓட்டிப் பார்க்கவேண்டும். அங்ஙனமாயின் நம்பிக்கையை எதன்மேல் கட்டுவது என்ற வினாவுக்கு விபத்து வரலாறு மட்டும் விடை தராது.

அத்தகைய வினாவை வகுப்பறையிலேயே ஆராயலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஜான் நைட்டும் நான்சி லெவிசனும் 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு சர்வகலாசாலைகளின் மாணாக்கர் ஒரே தேவைக்குத் தனித்தனியே எழுதிய 27 புரோகிராம்கள் பத்து லட்சம் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டன. வெவ்வேறு மனிதர் எழுதினால் பிழைகளும் ஒன்றையொன்று சாராதிருக்கும், ஆகவே ஒன்று தவறினும் மற்றது காக்கும் என்னும் அனுமானம் அங்கே வீழ்ந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான தடவைகளில் பல புரோகிராம்கள் ஒரே சோதனையில் ஒருங்கே தவறின. கேட்டறிந்த பாடத்தைவிட, தானே பங்குகொண்டு கண்ட இத்தகைய உண்மை மாணாக்கன் மனத்தில் ஆழப் பதியும்.

ஆதலால் விபத்து ஆராய்ச்சியைக் கைவிட வேண்டியதில்லை. அதன் வரிசையை மாற்றினால் போதும். முதலில் முடிவை மறைத்து, யந்திரத்தின் அமைப்பை மட்டும் மாணாக்கரிடம் கொடுக்கவேண்டும். எங்கெங்கே அபாயம் உண்டு, அதை எவ்வாறு தடுப்பது, தடுத்துவிட்டோம் என்பதற்கு ஆதாரம் என்ன என்று ஒரு குழு வாதம் எழுத, மற்றொரு குழு அதைக் கண்டித்து எழுதவேண்டும். அதன் பிறகே விசாரணை அறிக்கையை, சுருக்கமாக அன்று, முழுமையாகப் படிக்கவேண்டும். பரீட்சையும் பிழை எந்த வரியில் என்று கேட்பதை விடுத்து, இந்த யந்திரத்தை நம்பலாம் என்பதற்கு நீ காட்டும் நியாயம் யாது என்று கேட்கட்டும். பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்கள் இவ்வொரு மாற்றத்தையேனும் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.