ஆட்டம் எந்தக் கோட்டில்?

நடராசர் அகத்தியருக்கு வலப்பாதம் காட்டியருளியதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் கீழ்வேளூர். ஊன்றியது எந்தக் கால், தூக்கியது எந்தக் கால் என்பது இங்கே பெரிய சங்கதி. ஆட்டத்தைக் கோட்டில் பிடிக்க நவீன கலைஞர்கள் செய்த இரண்டு முயற்சிகளை அந்தக் கண்ணோடு எடை போடலாம்.

1906இல் மன்னர் சிசோவத்துடன் பிரான்சுக்கு வந்த கம்போடிய அரண்மனை நடனப் பெண்களை, ஓகுஸ்த் ரோதான் மார்சேய் வரை தொடர்ந்து போய் வரைந்தார். சுமார் 150 படங்கள். தாளைப் பார்க்காமல், ஆடுகிறவர் மேலேயே கண்ணை வைத்துப் பென்சிலை ஓடவிடுவது அவர் வழக்கம். ஒரு கைக்கு அருகிலேயே அதே கையின் முந்தைய கோடும் அழிக்கப்படாமல் நிற்கும். வண்ணம் கோட்டைத் தாண்டிப் பரவும். கை புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒரே தாளில் கிடைக்கின்றன. குறையும் உண்டு. பல படங்களில் பாதம் மங்கிவிடுகிறது. உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிவதில்லை.

1926இல் வசிலி காண்டின்ஸ்கி, ஜெர்மன் நடனக் கலைஞர் கிரெட் பாலுக்காவைச் சில வளைவுகளிலும் நேர்கோடுகளிலும் அடக்கினார். முகமில்லை, உடையில்லை, உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பாலுக்கா கதை சொல்லி அபிநயிப்பவரல்லர். வெளியை உடலால் அளந்தவர். அவருக்கு இந்தக் கோடு பொருந்துவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காண்டின்ஸ்கிக்கு ஆதாரம் சார்லோட் ருடோல்ஃப் எடுத்த புகைப்படங்கள். கேமரா ஏற்கெனவே நிறுத்திவிட்ட கணத்தைத்தான் அவர் சுருக்கினார். அடுத்த அடி எங்கே விழும் என்பதற்கு அந்தத் தாளில் தடயமில்லை.

இதே சிக்கலைத் தஞ்சைப் பெரிய கோயில் சிற்பியும் சந்தித்தார். மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களுக்கு இடம் விட்டு, 81 மட்டும் செதுக்கப்பட்டன. கரணம் என்பது நிலை மட்டுமல்ல, முழு அசைவு என்று நிறுவியவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். அவர் வாசிப்பின்படி, ஆடும் சிவனின் நான்கு கைகள் ஒரே அசைவின் வெவ்வேறு கட்டங்களைக் காட்டுகின்றன. அங்கே ஊன்றிய காலும் தெளிவு.

ஆட்டத்தின் இலக்கணம் படிக்க வேண்டுமானால் காண்டின்ஸ்கியிடம் போகலாம். ஆட்டமே வேண்டுமானால் ரோதானிடம்தான் போக வேண்டும். பாதத்தை நழுவவிட்டாலும் நேரத்தை அவர் நழுவவிடவில்லை. அதனால் என் தீர்ப்பு அவர் பக்கம். இரண்டையும் பிடித்தவர் தஞ்சைச் சிற்பி. நடனத்தை வரையப் புறப்படும் நம் இளைஞர்கள் புகைப்படத்தை விட்டுவிட்டு, ஆடுகிறவர் முன்னால் போய் உட்கார வேண்டும். பென்சிலைப் பாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.