ஆம்ப் சேர்த்தாச்சு, எதைக் கேட்பது?

ஹோம் தியேட்டர் ரிசீவரோடு தனி ஆம்பிளிஃபயர் ஒன்றைச் சேர்த்தவர் முதலில் செய்வது, வால்யூமை ஏற்றிப் பார்ப்பதுதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் போட்ட காசு வீண்போகவில்லை என்று ஒரு திருப்தி. புது ஆம்பை எடைபோட இதைவிட மோசமான வழி கிடையாது. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கானது போல் காதுக்குப் பட வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 100 வாட்டிலிருந்து 200க்குப் போனவர் அசந்துபோக அதில் ஒன்றுமில்லை.

அசர வைக்கும் இடம் வேறு. 2003இல் வந்து, ஒலித் தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ படத்தின் தொடக்கத்தைப் போடுங்கள். மூடுபனிக்குள் ஒரு போர்க்கப்பல். மரம் முனகுகிறது, மேல்தளத்தில் காலடி, அடங்கிய குரல்கள். திடீரென்று பனிக்குள்ளிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து கப்பலைக் கிழிக்கின்றன. வெடிச்சத்தத்தை விட்டுவிடுங்கள், அதை எந்த சப் வூஃபரும் போட்டுக் காட்டிவிடும். வெடிக்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். பிளந்த மரச்சில்லுகள் ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக விழுகின்றனவா? அந்த அமளியில் மாலுமிகள் கத்துவது சொல்லாகக் காதில் விழுகிறதா, வெறும் இரைச்சலாகவா? கை தானாக ரிமோட்டைத் தேடுகிறதா? சக்தி போதாத ஆம்ப் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். அப்போது குரல் கரகரக்கும், காது சீக்கிரம் சோர்ந்துபோகும். படம் முடிந்தபின் தலை கனக்காமல் எழுந்தால், ஆம்ப் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ரிசீவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? ஏழு, ஒன்பது சேனல்களுக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்பார்மர். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் கேட்டால் பங்கு குறையும். பொடி எழுத்தையும் படியுங்கள்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.05 சதவீத டிஸ்டார்ஷன் என்று இருந்தால் நம்பலாம். 6 ஓம், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீதம் என்று இருந்தால் அந்த வாட்ஸ் வெறும் விளம்பரம்.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய 10 டெசிபல் போய்விடும். தியேட்டர் அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதைத் தொட 500 வாட்டுக்கு மேல் வேண்டும். சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்பிக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதே படத்தை 20 டெசிபல் குறைத்துப் பார்ப்பவருக்கு 6 வாட் போதும்! பக்கத்து வீட்டுக்குப் பயந்து வால்யூமைத் தணித்தே வைத்திருக்கும் அபார்ட்மென்ட்வாசிக்குத் தனி ஆம்ப் தேவையே இல்லை என்பது என் கட்சி. பெரிய ஹால், 4 ஓம் ஸ்பீக்கர், சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கர் – இவற்றில் ஒன்றாவது இருந்தால் யோசிக்கலாம்.

அப்போதும் ரிசீவரின் முதுகைத் திருப்பி, வெளி ஆம்புக்கு இணைப்புக் கொடுக்கும் ‘ப்ரீ அவுட்’ இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப் வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும். டெனான் எக்ஸ் 3800ஹெச் மாதிரியான ரிசீவர்களில் எல்லாச் சேனலுக்கும் உண்டு. முன்பக்கத்து மூன்றையும் வெளி ஆம்புக்கு மாற்றினால் போதும். வசனம் பெரும்பாலும் வருவது சென்டரில்தான், அதை விட்டுவிட்டு இடது வலதை மட்டும் மாற்றுவது பாதி வேலை. சரவுண்டு ரிசீவரிடமே இருக்கட்டும், அதன் பாரம்தான் இறங்கிவிட்டதே. ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தனக்கென்று ஆம்ப் வைத்திருக்கும் சப் வூஃபருக்குத் தள்ளிவிட்டால் இன்னும் லேசாகும்.

மாட்டியதும் மைக் வைத்து காலிபரேஷனைத் திரும்ப ஓட்டுங்கள். புது ஆம்பின் கெயின் ரிசீவரின் கெயினோடு ஒத்துப்போகாது. முன்பக்கம் ஓரிரு டெசிபல் கூடியிருந்தாலே காது அதை “நல்ல சவுண்டு” என்று ஏமாந்து வாங்கிக்கொள்ளும். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகுதான் பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும்.

அதற்குச் சினிமாவைவிட நல்ல பதிவான கச்சேரி ஒன்று உதவும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கனத்த அடியைக் கவனியுங்கள். அடி விழுந்து, முழங்கி, சுருதி குழையாமல் அடங்க வேண்டும். அதே நேரத்தில் வலந்தலையின் சுள்ளென்ற சொல் மழுங்கக் கூடாது.

ஒன்றும் ஓடாதபோதும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ட்வீட்டரில் காதை வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ வரும், அது பரவாயில்லை. சோபா வரைக்கும் ‘ம்ம்’ என்று கேட்டால் எர்த் சிக்கல். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் குற்றவாளி அதுதான். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கினாலும் இரைச்சல் நிற்கும் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் ஆம்பின் இரும்புப் பெட்டியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். அவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.