கான்டெஸாவுக்கு எந்த இன்ஜின்?

பழைய 1.5 கான்டெஸாவின் பானட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது இன்ஜின் அல்ல, இன்ஜினைச் சுற்றியிருக்கும் காலி இடம். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே காலை இறக்கி நின்றுகொண்டே வேலை பார்க்கலாம் போலிருக்கும். வெளியே நாலரை மீட்டருக்கு மேல் நீளம், நீண்டு அகன்ற மூக்கு, சினிமா வில்லன்கள் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் முதலில் வெளியே வைத்த அந்தத் தோரணை. உள்ளே அம்பாசடரில் ஓடிய அதே 1489 சி.சி. இன்ஜின். கிட்டத்தட்ட ஐம்பது குதிரைத்திறன்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் தன் உத்தரபாரா ஆலையில் கான்டெஸாவைச் செய்யத் தொடங்கியபோது வாங்கிவந்த உடம்பு, இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1970களில் விற்ற வி.எக்ஸ். வரிசையுடையது. அந்த உடம்பிலேயே வென்டோரா என்று ஒரு பெரிய மாடல் இருந்தது. அதில் 3294 சி.சி., ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின். நம்மூர் கான்டெஸாவின் காலி இடத்துக்குக் காரணம் அதுதான். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டார்கள். 1974இல் இதே வென்டோரா உடம்பில் ஆஸ்திரேலியாவின் ரெப்கோ-ஹோல்டன் ஐந்து லிட்டர் வி8ஐ வைத்து, ஜெர்ரி மார்ஷல் என்ற பந்தய வீரரிடம் கொடுத்தார்கள். 'பிக் பெர்த்தா' என்று அதற்குப் பட்டப்பெயர். அந்த ஆண்டே சில்வர்ஸ்டோனில் மோதி நொறுங்கியது. அந்த இன்ஜினை அடுத்ததாக ஒரு ஃபிரென்ஸாவுக்கு மாற்றி ஜெயித்தது வேறு கதை.

கான்டெஸாவை 'இந்தியாவின் மசில் கார்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு வழிகாட்டியது 1964இன் பான்டியாக் ஜி.டி.ஓ.; நடுத்தர உடம்புக்குள் பெரிய காரின் 6.4 லிட்டர் வி8ஐத் திணித்த வண்டி அது. நாம் செய்தது நேர் தலைகீழ்: பெரிய உடம்பில் சின்ன இன்ஜின். ஆகவே ஒரு கான்டெஸாவுக்கு நல்ல இன்ஜின் தேடுகிறவரை, வண்டியைக் கெடுக்க வந்தவராக நான் பார்ப்பதில்லை. உத்தரபாராவில் பாதியில் விட்ட வேலையை முடிக்க வந்தவர் அவர்.

அதற்காக அந்த 1489 சி.சி.யை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் அது. 73 மில்லிமீட்டர் போர், 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்கும் சாதி. வேகத்துக்குப் பிறந்ததல்ல, ஆனால் குறைந்த சுற்றில் சலிக்காமல் இழுக்கும். 1955இல் எம்.ஜி.ஏ. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இதே இன்ஜின், இரண்டு கார்ப்பரேட்டரோடு, 68 குதிரைத்திறன் கொடுத்தது. கார்ப்பரேட்டர் ஒன்றா இரண்டா என்பதைவிட முக்கியமானது, அந்தக் கார் சின்னது, லேசானது. ஆயிரத்து இருநூறு கிலோவை ஒட்டிய கான்டெஸாவில் குடும்பத்தை ஏற்றி, ஏசியையும் போட்டால் அதே இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது.

கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசுவோடு கைகோர்த்து 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியரையும் கொண்டுவந்தார்கள். குதிரைத்திறன் 88. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இன்ஜின் தயாரானது. பின்னாளில் அம்பாசடருக்குள்ளும் போனது. 'கான்டெஸா கிளாசிக்' என்று பின்பக்கம் எழுதிய அந்த வண்டிகளுக்குத்தான் இன்றும் மவுசு. ஜெயலலிதாவின் 2016 தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் பிராடோக்களுக்கு நடுவே 1990 மாடல் கான்டெஸா ஒன்றும் பட்டியலில் இருந்தது. பிறகு டீசலும் வந்தது, இசுசுவின் இரண்டு லிட்டர். டாக்சிக்காரர்களின் கணக்குக்கு அது சரி. ரசனைக்காரர்களின் கணக்கு வேறு என்பதால் அதைத் தாண்டிவிடலாம்.

இப்போது தேர்வுக்கு வருவோம். எந்த இன்ஜின் என்று கேட்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த ரோட்டில் என்று. பெரம்பலூரைத் தொட்டுப் போகும் சென்னை-திருச்சி நான்குவழிச் சாலை ஒரு மாதிரி. சிறுவாச்சூர் தாண்டிப் பாடாலூர் வரை ஒரே கோடாகக் கிடக்கும் அந்த ரோட்டில் எந்த இன்ஜினும் தன்னை வல்லவனாகக் காட்டிக்கொள்ளும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் முப்பது சொச்சம் கிலோமீட்டர் இன்னொரு மாதிரி. அங்கே எதிரே சிமென்ட் பல்க்கர், முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர், ஊருக்கு ஊர் வேகத்தடை. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று இத்தனை ஆலைகளுக்கு நடுவே ஓடும் வண்டிக்கு, நாற்பதிலிருந்து எண்பதுக்கு மூன்றாவது கியரில் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் பரீட்சை. உச்சக் குதிரைத்திறனைக் கடைசிச் சுற்றில் வைத்திருக்கும் இன்ஜின், டிப்பரைத் தாண்டும் இடைவெளியில் கைகொடுக்காது. நடுச்சுற்றில் இழுவை வேண்டும்.

கோவையிலும் கொச்சியிலும் கான்டெஸா வைத்திருக்கும் இளைஞர்கள் வாய் ஓயாமல் சொல்லும் பெயர் டொயோட்டாவின் ஜே.இசட். ஆறு சிலிண்டர் நேர்வரிசை, 1ஜே.இசட். இரண்டரை லிட்டர், 2ஜே.இசட். மூன்று லிட்டர். டர்போ வைத்த 1ஜே.இசட்.டுக்கு 280 குதிரைத்திறன். வாதம் வலுவானதுதான்: வென்டோராவுக்கு இருந்தது ஆறு சிலிண்டர், அந்த நீளத்துக்கு ஆறு பேர் தாராளமாக உட்காருவார்கள். சத்தமும் அபாரம், ஆறு சிலிண்டர் நேர்வரிசைக்கு இயல்பிலேயே உள்ள அதிர்வில்லாத சமநிலை நான்கு சிலிண்டருக்கு இல்லை. இருந்தும் நான் வேண்டாம் என்பேன். வார்ப்பிரும்பு பிளாக், முன் அச்சுக்கு மேல் அவ்வளவு கனம் ஏறினால் ஸ்டியரிங் மந்தமாகும். டர்போ இருப்பது வலப்பக்கம். நம் வண்டியில் ஸ்டியரிங் தண்டு இறங்கும் பக்கமும் அதுவே. தணல் மாதிரி கொதிக்கும் இரும்புக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே விரல்கடை இடம் தேடும் வேலை அழகான வேலையாக இருக்காது. 280 குதிரையைத் தாங்கப் பின் ஹவுசிங்கும், நிறுத்தப் பிரேக்கும், பிறகு முழு வண்டியுமே மாற வேண்டும். கடைசியில் கான்டெஸாவின் தகரம் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்கரின் பதில் இதற்கு எல்.எஸ். வரிசை வி8. 1997இல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் அலுமினிய இன்ஜினிலிருந்து தொடங்கிய குடும்பம். அங்கே மரப்பெட்டியில் புத்தம் புதிதாக, வாரன்டியோடு வாங்கிக்கொள்ளலாம். கேம் ஷாஃப்டை பிளாக்குக்குள்ளேயே வைத்துப் புஷ்ராடால் வால்வைத் திறக்கும் பழைய பாணியை அவர்கள் கைவிடாததால் ஹெட் சிறியது, அகலம் குறைவு. அதனால்தான் உலகத்தில் எந்தப் பானட்டுக்குள்ளும் அது நுழைந்துவிடுகிறது. நவீன இன்ஜின்களை ஓரம்கட்டி அந்தப் பழைய புத்தி ஜெயித்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அரியலூர் வெயிலில், டிப்பருக்குப் பின்னால், இரண்டாவது கியரில் ஒரு வி8ஐக் குளிர வைப்பது யார்?

என் தேர்வு கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள்: பழைய பெட்ரோல் இன்னோவாவின் 1டி.ஆர். 1998 சி.சி., இரட்டை கேம், ஏறத்தாழ 135 குதிரைத்திறன். 2005 முதல் இங்கே விற்றது. டீசல் இன்னோவா கொடிகட்டிப் பறந்ததால் பெட்ரோலை யாரும் கண்டுகொள்ளவில்லை. நெடுக்காக உட்காரும் இன்ஜின். கியர் பாக்ஸ் அதன் பின்னாலேயே, பின்சக்கர ஓட்டத்துக்கென்றே வருகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இன்ஜினைக் குறுக்கே போட்டு முன்சக்கரத்தை ஓட்டுபவை. கான்டெஸாக்காரருக்கு அவற்றால் பயனில்லை. தார், ஸ்கார்பியோ-என் இரண்டிலும் மஹிந்திரா நெடுக்காக வைக்கும் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இழுவையில் இன்னோவாவைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் அதன் கணினி வண்டியின் மற்றக் கணினிகளோடு பேசாமல் உயிர்கொள்ளாது; பாதி ஸ்கார்பியோவையே பிரித்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடுகிறவர்கள் இன்ஜினை மட்டும் விலை பேசிவிட்டு, ஒயரிங்கையும் கணினியையும் சாவியையும் விட்டுவருவது வழக்கமான கூத்து.

இன்ஜினை வாங்குவதோடு ரசனை முடிவதில்லை. வைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நல்ல மேஸ்திரி ஓடும் இன்ஜினை முதலில் இறக்க மாட்டார். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று பிளாக்கைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கட்டையால் முட்டுக்கொடுத்துப் பார்ப்பார். சம்ப் முன்னால் இறங்குகிறதா பின்னாலா? கிராஸ் மெம்பரில் இடிக்கிறதா? எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியும்? ஒவ்வோர் அங்குலம் பின்னுக்குப் போகும்போதும் முன் அச்சின் பாரம் குறைகிறது, வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிறகு சாய்வு. கியர் பாக்ஸின் வால் எந்தச் சாய்வில் இருக்கிறதோ, பின் பினியனும் அதற்கு இணையான சாய்வில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு யூ-ஜாயின்டும் ஒன்றையொன்று சமன் செய்யாது. எழுபதில் தொடங்கும் நடுக்கம் எந்த டயர் பேலன்ஸிங்காலும் தீராது. இதை ஸ்கேல் வைத்து அளப்பவர்களும் உண்டு, கண்ணாலேயே சொல்பவர்களும் உண்டு. ஷாஃப்ட் வெட்டி நீளம் சரிசெய்ய ஊர் லேத்தே போதும். டிராக்டருக்கும் கிணற்று மோட்டாருக்கும் கடைந்து பழகிய கைகள் பெரம்பலூரில் பஞ்சமில்லை. ஆனால் வெட்டிய ஷாஃப்டைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பிப் பேலன்ஸ் பார்த்துவிடுவது நல்லது.

காற்று வடிகட்டியை மறக்கிறவர்கள் அதிகம். அரியலூர் பக்கம் காற்றில் மிதப்பது வெறும் மண் அல்ல, சுண்ணாம்புத் தூள். சிலிண்டர் சுவருக்கு உப்புத்தாள். கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால் மாட்டினால் பார்க்க நன்றாயிருக்கும், உறிஞ்சும் சத்தமும் நன்றாயிருக்கும், ரிங் தேய்வதும் துரிதமாக நடக்கும். இன்னோவாவின் பெரிய பிளாஸ்டிக் டப்பாவையே வைத்துக்கொள்ளலாம். காலி இடம்தான் தாராளமாக இருக்கிறதே.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி முதலில் குறித்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கம்பெனியின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அனுமதி வாங்காமல் இன்ஜினை மாற்றி ஓட்டுகிறவருக்கு விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். ஆகவே இன்னோவா இன்ஜின் பந்தயத் தடத்துக்கும் தோட்டத்துச் சாலைக்கும் மட்டுமான ஆசை; ரோட்டில் ஓட்டுகிறவருக்கு என் சிபாரிசு மாறும்: ஆரம்பத்திலேயே 1.8 என்று பதிவான கிளாசிக்கைத் தேடுங்கள், அதன் இசுசு இன்ஜினையே இறக்கிப் பிரியுங்கள். போர் போட்டு, கிராங்கைப் பேலன்ஸ் செய்து, ஹெட்டின் காற்று வழிகளைப் பட்டுப்போல் தேய்த்து, ரேடியேட்டரில் ஒரு வரிசைக் குழாய் கூட்டி ஏற்றினால், காகிதத்தில் எண் பெரிதாக மாறியிருக்காது. மூன்றாவது கியரில் டிப்பரைத் தாண்டும்போது மாறியிருக்கும்.

பின் ஹவுசிங்கின் பல்விகிதத்தை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஓராயிரம் கிலோமீட்டர் ஓடி ரிங் படிந்த பிறகு, ஐந்தாவது கியரில் எண்பதில் போகையில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.