பொறிப்பில்லாத பாத்திரங்கள்

சீனப் பெண் கவிஞர் லீ சிங்ஜாவைப் பற்றிப் பேசுவோர், அவர் எழுதிய உரைநடையொன்றை நல்லதொரு தாம்பத்தியக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதுண்டு. பழைய வெண்கலப் பாத்திரங்களிலும் கற்களிலும் உள்ள எழுத்துகள் பற்றி அவரது கணவர் ஜாவ் மிங்செங் தொகுத்த முப்பது பாக நூலுக்கு, கணவர் இறந்தபின் அவர் எழுதிய பின்னுரை அது. ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியோடு உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தேன். எனக்கு அது குற்றப்பத்திரம் போலவே பட்டது.

தொடக்கம் இனிமையானதுதான். 1101இல் திருமணம். மாணவரான கணவர் உடுப்பை அடகுவைத்து, கோயில் சந்தையில் கல்வெட்டுப் படிகளும் பழங்களும் வாங்கி வருவார். இருவரும் தின்றுகொண்டே பார்ப்பார்கள். அது சொங் வம்ச காலம். ஷாங், ஜோவ் காலத்து வெண்கலங்களைச் சேர்ப்பது கற்றோரிடையே பெரும் மோகமாயிருந்தது. 1092இலேயே லூ தாலின் அவற்றுக்குப் படங்களோடு ஒரு நூல் செய்திருந்தார். பாத்திரத்தைவிட அதனுள் பொறித்த எழுத்தே அவர்களுக்குப் பெரிது.

பிறகு அலுமாரி வருகிறது, திறப்பு வருகிறது. வாசிக்க விரும்பினால் மனைவி திறப்புக் கேட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஏடு அழுக்கானால் கண்டனம். தன் சுபாவத்துக்கு அது ஒத்துவரவில்லை என்று சிங்ஜாவ் ஒளிக்காமல் எழுதுகிறார். காதல் கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

1127இல் வடசீனம் ஜின் படைகளிடம் வீழ்கிறது. எதை விடுவது, எதை எடுப்பது? பாத்திரங்களில் முதலில் கழிக்கப்பட்டவை எழுத்துப் பொறிக்காதவை, அடுத்து, பாரமானவை. இந்த வரியில் எனக்கு வாசிப்பு நின்றுபோனது. எங்கள் உம்மாவின் வட்டாவையும் படிக்கத்தையும் பழைய பித்தளை வாங்க வந்தவர் தராசில் நிறுத்து எடுத்துப்போனார். அவற்றிலும் எழுத்தேதும் இருக்கவில்லை.

1129இல் கணவர் பிரிந்து செல்லும்போது, நகருக்கு ஆபத்து வந்தால் தான் என்ன செய்வதென்று மனைவி கேட்கிறார். விடை ஒரு வரிசை: முதலில் மூட்டை முடிச்சு, பிறகு உடுப்பு, பிறகு ஏடுகள், பிறகு பழம் பாத்திரங்கள் என ஒவ்வொன்றாய்க் கைவிடு, மூதாதையர் வழிபாட்டுப் பாத்திரங்களை மட்டும் நீயே சுமந்து, அவற்றோடு வாழ் அல்லது சாகு. அந்த வரிசையில் மனைவியின் இடம் எது? சிங்ஜாவ் இதற்கு ஒரு சொல்லும் விமர்சனம் எழுதவில்லை. திறப்புக் கதையை முன்பே சொல்லி வைத்தவருக்கு அது தேவைப்படவில்லை என்பதே என் வாசிப்பு.

சில வாரங்களில் கணவர் நோயில் இறக்கிறார். எதிரிக்குப் பொருள் கொடுத்ததாக வதந்தி கிளம்ப, அஞ்சிய சிங்ஜாவ் வீட்டிலிருந்த வெண்கலங்களையெல்லாம் அரசரிடமே ஒப்படைக்கப் புறப்படுகிறார். வழியில் ஓரிடத்தில் விட்டுவைத்தவை படையினர் கைக்குப் போய், ஒரு தளபதியின் வீட்டைச் சேர்கின்றன. அவற்றோடு சாகும்படி சொல்லப்பட்டவர் உயிரோடிருந்து அதை எழுதுகிறார். அச்சத்தால் செய்ததைக் கலகம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் கட்டளையும் அது முறிந்த கதையும் ஒரே பின்னுரையில் அடுத்தடுத்து நிற்பதைத் தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

ஜோவ் கால வெண்கலங்கள் பலவற்றில், மகன்களும் பேரன்களும் என்றென்றும் பேணட்டும் என்ற வேண்டுதல் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வேண்டுதல் பொய்த்துப்போனதால்தான் பாத்திரம் விலைக்கு வருகிறது, சேகரிப்பவருக்கும் கிடைக்கிறது. சிங்ஜாவ் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை.

எத்தனை வண்டி, எத்தனை ஆயிரம் ஏடு, களவு போனது எத்தனை கூடை, அயலவன் வெகுமதி கேட்டுத் திருப்பிக் கொடுத்தது எத்தனை சுருள் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார் சிங்ஜாவ். வடக்கே பூட்டிவிட்டு வந்த வீட்டில் சாம்பலான அறைகள் பத்துக்கும் மேல் என்றும் எழுதுகிறார். பொறிப்பில்லாததால் கழிக்கப்பட்ட பாத்திரங்கள் எத்தனை என்பதுமட்டும் பின்னுரையில் எங்குமில்லை.