கதவு எண் இருந்தும் வழி தெரியாத ஊர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து நடந்தால் 108-ஐ அழைப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். "மாமல்லபுரம் தாண்டி, பெட்ரோல் பங்க்குக்குக் கொஞ்சம் முன்னாடி" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர் சிக்கல் வேறு. பட்டிபுலத்திலோ தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ இருப்பவர், "அம்மன் கோயிலுக்குப் பக்கத்துல" என்பார். எந்த அம்மன் கோயில் என்று சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 2008 செப்டம்பரில் 108 சேவை தொடங்கியதிலிருந்து வண்டியும் மருத்துவ உதவியாளரும் கட்டணமில்லா அழைப்பும் கிடைத்துவிட்டன. முகவரி மட்டும் பழையபடியே கிடக்கிறது.

வீட்டுக்கு வீடு கதவு எண் இருக்கிறதே எனலாம். அந்த எண் வரி வசூலுக்காகப் பிறந்தது. வரி விதித்த வரிசையில் எண் ஏறும் ஊரில் 41-க்கு அடுத்த வீடு 212 ஆக இருக்கலாம். இடையில் புது வீடு எழுந்தால் 41/ஏ. பழைய எண், புதிய எண் என ஒரே சுவரில் இரண்டு நிற்பதும் உண்டு. புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு எண்ணே இல்லாமல் போவதும் உண்டு. வரி ரசீதுக்கு இது போதும். நள்ளிரவில் வீடு தேடி வரும் டிரைவருக்குப் போதாது.

ஆஸ்திரேலியக் கிராமப்புற முறை எனக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது. சாலை தொடங்கும் இடத்திலிருந்து வாசல் வரையுள்ள தூரத்தை மீட்டரில் அளந்து பத்தால் வகுத்தால் வருவதே வீட்டு எண். 1,240 மீட்டரில் இருக்கும் வீடு 124. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். நடுவில் எத்தனை வீடு முளைத்தாலும் எண் குழம்பாது. வண்டி ஓடிய தூரத்தைப் பார்த்தே போய்ச் சேரலாம். நமக்கு இது அந்நியமும் இல்லை. செங்கல்பட்டு ரயில் தடத்தின் மின்கம்பங்களில் கிலோமீட்டரும் கம்ப வரிசையும் எழுதியிருப்பதைப் பயணிகள் தினமும் பார்க்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் கிளைச் சாலைகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். குப்பத்துக்குள் பொருந்தாது. மணலும் சந்தும் வலைக் குவியலுமாக இருக்கும் இடத்தில், வண்டியை எங்கே நிறுத்தி ஸ்ட்ரெச்சரை இறக்குவது என்பதுதான் கேள்வி. அங்கே வீட்டுப் பலகையைவிடச் சந்து முனைப் பலகைக்கே வேலை அதிகம். 2004 சுனாமிக்குப் பின் கட்டிய வரிசை வீடுகளோ ஒரே அச்சு. இருட்டில் எண்ணைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அமெரிக்கக் கிராமச் சாலைகளில் உள்ளதுபோல, விளக்கு பட்டால் ஒளிரும் பலகையில் இருபக்கமும் எண் வேண்டும். சாதாரண இரும்புத் தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். அதை வாங்குவது வீண் செலவு.

கைப்பேசி வரைபடம் இருக்கப் பலகை எதற்கு என்கிறார்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த டிஜிபின், நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு தருகிறது. துல்லியத்தில் குறையில்லை. ஆனால் மூச்சுத் திணறும் கணவருக்காக அழைக்கும் மூதாட்டி அதை எங்கே பார்த்துச் சொல்வார்? சுவரில் எழுதியிருந்தால் சொல்வார். ஆகவே அந்தக் குறியீடும் பலகையிலேயே ஏற வேண்டும்.

பலகையில் எந்தப் பெயரை எழுதுவது என்பதும் சிறிய கேள்வி அல்ல. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்ற அக்டோபரில் அரசாணை வந்தது. உதவி கேட்கும் நேரத்தில்கூட ஒருவர் தம் சாதியைச் சொல்ல வேண்டியிருந்த இழிவு ஒழியட்டும். ஆனால் புதிய பெயர் தெருவில் ஏறும் அன்றே 108 கட்டுப்பாட்டு அறையின் பதிவிலும் ஏற வேண்டும். இல்லையேல் அந்தத் தெருவுக்கே வண்டி தாமதமாக வரும்.

அடுத்த கிராம சபையில் உங்கள் தெருவின் எண் வரிசையைப் பற்றிக் கேளுங்கள். பலகை வரும்வரை, ஊர், தெரு, கதவு எண், சாலையிலிருந்து திரும்பும் இடம் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள குழந்தையும் படிக்கும் உயரத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள்.